ஒன்பது பேரும் எழுதிய இருபத்து மூன்று

1

இந்தக் கதை ஒரு களவிலிருந்து தொடங்கியது. களவு செய்தது நான் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

பாடசாலைச் சஞ்சிகைக்கு ஒரு கதை கேட்டிருந்தார்கள். பரீட்சையில் பார்த்து எழுதிய ஒரு சிறுமி மாட்டிக்கொள்கிறாள், பிறகு மனம் திருந்துகிறாள், ஆசிரியை அவளை மன்னிக்கிறார். சம்பவம் உண்மை. அந்த ஆசிரியை நான். மன்னிப்பது எனக்கு நன்றாக வரும் என்று ஒரு நினைப்பு இருந்தது.

என் பெயர் பிரஷாந்தினி. பதுளை பஸாரில் புடவைக்கடை வைத்திருக்கும் செல்வநாயகத்தின் மகள். ஊரிலேயே ஒரு தமிழ்ப் பாடசாலையில் தரம் நான்குக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பாடசாலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பசறைப் பக்கமிருந்து பிள்ளைகள் பஸ்ஸில் வருகிற அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். (பயம்தான். வேறு பெரிய காரணம் எதுவும் தேட வேண்டாம்.)

2

தொடக்கங்களை அடித்து அடித்து எழுதினேன். அடித்ததையும் இங்கே விட்டுவைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதலாவது: "பனி மூடிய மலைச்சரிவில், பச்சைத் தேயிலைகளுக்கு நடுவே ஜீவராணி துள்ளி ஓடி வந்தாள். அவளுடைய" – இதோடு நிறுத்தினேன். ஜீவராணி துள்ளி ஓடி நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த ஜீவராணி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு இரண்டாம் பாடத்தில் கொட்டாவி விடுகிறவள். அந்தப் பனியும் பச்சையும் கலண்டரில் பார்த்தது.

இரண்டாவது: "களவு என்பது சிறு வயதிலேயே கிள்ளி எறிய வேண்டிய" – இதை ஆறு வாரத்துக்கு முன் எழுதினேன். இப்போது எழுத மாட்டேன்.

மூன்றாவது: "இரண்டு கிலோ." அவ்வளவுதான், ஒரு வரி. கெட்டித்தனமான தொடக்கம் என்று கொஞ்ச நேரம் பெருமைப்பட்டேன். கெட்டித்தனம் காட்டுகிற இடமா இது என்று எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

3

ஜனவரியில் எங்கள் அதிபர் விஜேந்திரன் சேர், தரம் நான்கின் எழுபது பிள்ளைகளையும் திறமைப்படி மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. கெட்டிக்காரப் பிள்ளைகளை எல்லோரோடும் போட்டு வைத்தால் தேங்கிப் போகிறார்கள், தனியாக எடுத்து வேகமாகக் கொண்டுபோக வேண்டும் என்றார். அது பிழையான பேச்சு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். கணக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மேசையில் தாளம் போடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதற்கும் படிப்பித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

யார் மனமும் நோகக்கூடாதென்று மாணிக்கம், முத்து, பவளம் என்று பெயர் வைத்தோம். எது மேல், எது கீழ் என்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. மாணிக்கத்துக்கு மேல்மாடியில் புது வகுப்பறை, சனிக்கிழமைகளில் பண்டாரவளையிலிருந்து வரும் விசேட ஆசிரியர். பவளத்துக்கு மண்டபத்தின் பின்பக்கம், தட்டி வைத்து மறைத்த இடம். பக்கத்திலேயே சிற்றுண்டிச்சாலை. அங்கே ரொட்டி தட்டுகிற சத்தத்தில் ஏழாம் வாய்ப்பாடு பாதி கேட்காது.

பிரிப்பதற்கான பரீட்சைத் தாளை நான்தான் தயாரித்தேன். ஆசையாகத் தயாரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட், நீச்சல் தடாகம் என்று கொழும்புக் கணக்குகளைக் கொடுத்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்போமே என்று மூன்று கணக்குகளைத் தேயிலைக் கொழுந்தில் போட்டேன். மூன்றுக்கும் தலா பத்துப் புள்ளி. முதலாவது இது:

"மீனாட்சி காலையில் 9 கிலோ, பகலில் 12 கிலோ, மாலையில் 8 கிலோ கொழுந்து கொண்டுவந்து நிறுத்தாள். அன்று அவள் பெயரில் எத்தனை கிலோ பதிவாகும்?"

நீங்களும் போட்டுப் பாருங்கள். 29 தானே. எனக்கும் 29 தான்.

4

அந்த ஒரு தோட்டத்திலிருந்து பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் 23 என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணக்கைத் திருத்தினேன். 14, 11 என்று இரண்டு தடவை நிறுத்தது, விடை 25. ஒன்பது பேரும் 21. மூன்றாவது மூன்று தடவை நிறுத்தது, விடை 30. ஒன்பது பேரும் 24. சிரிப்பு நின்றுவிட்டது. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக வருவதில் அதிசயமில்லை. பிழையான விடை ஒன்பது பேருக்கும் ஒன்றாக வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று எங்களுக்கு ஆசிரியர் கலாசாலையிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். ஒன்பது பேரையும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஆசிரியர் அறையில் உரக்கவே சொன்னேன்.

ஒன்பது பேரில் ஜீவராணிதான் மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அதிகப் புள்ளி எடுத்தவள். முன்வரிசை. அழிறப்பர் வாங்க இரண்டு தரம் பின்னால் திரும்பியதை நான் கண்டிருந்தேன். அதனால் அவளை எழுப்பினேன்.

"யாரப் பாத்து எழுதின?"

"பாக்கல டீச்சர்."

"அப்ப 23 எப்படி வந்திச்சு?"

"கழிச்சேன் டீச்சர்."

"கூட்டுற கணக்குல எதுக்குக் கழிச்ச?"

அவள் என்னைப் பார்த்தாள். சஞ்சிகைக்கு எழுதிய பிரதியில் இந்த இடத்தில் "அவள் கண்களில் குற்ற உணர்ச்சி நிழலாடியது" என்று எழுதியிருந்தேன். நிழலாடவில்லை. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அது ஆச்சரியம். இந்த டீச்சருக்கு இதுகூடவா தெரியாது என்கிற ஆச்சரியம்.

"ஒம்பது பேரும் சேந்து கழிச்சீங்களாக்கும்," என்றேன். வகுப்பு சிரித்தது. (சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.)

மூன்று கணக்குக்கும் ஒன்பது பேருக்கும் பூச்சியம். பார்த்து எழுதியவர்களை முத்துக்கும் போட வேண்டாம், பவளத்தில் போடுங்கள் என்று அதிபரிடம் சொன்னதும் நான்தான். இந்த வரியை இரண்டு தரம் அடித்துவிட்டு மூன்றாம் தரம் எழுதியிருக்கிறேன்.

5

ஜீவராணியின் அம்மா இராக்கம்மா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தாள். (வந்தாள் என்று எழுதிவிட்டேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. அதிபரின் மனைவி வந்திருந்தால் வந்தார் என்று எழுதியிருப்பேன். திருத்திக்கொள்கிறேன்.) வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உங்க மக பாத்து எழுதியிருக்கு."

"நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர். தப்புத்தாங்க. சின்னப் புள்ளைங்க, மன்னிச்சிருங்க."

"வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

"ஆமாங்க. வைக்கிறேங்க."

அவ்வளவுதான் பேச்சு. அந்த விடைத்தாள் என் மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு வாசிக்க வராது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன் போல. காட்டியிருந்தால், அந்த 23ஐ ஒரு பார்வை பார்த்துவிட்டு இராக்கம்மா என்ன சொல்லியிருப்பார் என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்த நாளிலிருந்து அந்த லாச்சியைத் திறக்கவே கை கூசுகிறது.

6

கதைக்குக் கொஞ்சம் தோட்டத்து வாசனை வேண்டும் என்றுதான் போன சனிக்கிழமை அங்கே போனேன். முப்பத்து நான்கு வருடம் பதுளையில் இருந்துவிட்டு ஒரு தோட்டத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோயிருந்தேன்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பின்னேரம் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ரமேஸ் என்ற இளைஞர் ஒவ்வொரு சாக்காகத் தராசில் மாட்டி, எண்ணைச் சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். இராக்கம்மா என்னைக் கண்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். பக்கத்தில் ஜீவராணி நின்றாள். இராக்கம்மாவின் சாக்கை மாட்டினார்கள். தராசில் 14 என்று சிவப்பு எழுத்தில் விழுந்தது. ரமேஸ் "பன்னெண்டு" என்று சொல்லி எழுதினார்.

அவர் பிழைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். கணித ஆசிரியை அல்லவா.

"தம்பி, பதினாலு காட்டுது."

"ஆமாங்க டீச்சர். ரெண்டு கழிச்சுத்தான் போடுறது. சாக்குக்கும் ஈரத்துக்கும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தாங்க."

"ஒரு நாளைக்கு ரெண்டு கிலோவா?"

"ஒரு தரம் நிறுத்தா ரெண்டுங்க. மூணு தரம் நிறுத்தா ஆறு."

மூன்று தரம். ஒன்பது, பன்னிரண்டு, எட்டு. இருபத்தொன்பதில் ஆறு போனால் –

இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சாக்குக் குவியலில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏறி வந்த களைப்பு என்று இராக்கம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.*

"ஏன் சொல்லல?" என்று ஜீவராணியைக் கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டேன். "ரெண்டு கிலோ கழிக்கிறதுன்னு அன்னைக்கே ஏன் எனக்குச் சொல்லல?"

"டீச்சருக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள். "எல்லாருக்கும் தெரியுந்தானே டீச்சர். எத்தன கிலோ பதிவாகும்னுதானே கேட்டிருந்திச்சு."

அப்படித்தான் கேட்டிருந்தேன். எத்தனை கிலோ பறித்தாள் என்று கேட்கவில்லை. என் கேள்விக்குச் சரியான விடை 23. இருபத்தொன்பது என்று எழுதி மாணிக்கத்துக்குப் போன அத்தனை பேரும் பிழை. விடைப் பட்டியல் தயாரித்த நான் முதல் பிழை. அந்த எழுபது பிள்ளைகளில் கேள்வியை விளங்கி எழுதிய ஒன்பது பேரையும் பொறுக்கியெடுத்து, களவு என்று பெயர் வைத்து, ரொட்டிச் சத்தத்துக்குள் தள்ளிவிட்டிருக்கிறேன்.

* பதினொரு பேரில் மற்ற இருவர் 29 எழுதியிருந்தார்கள். ஒருவனுடைய அப்பா பஸாரில் ஆட்டோ ஓட்டுகிறார். மற்றவளுடைய அம்மா கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரண்டு வீட்டிலும் கொழுந்து பறிக்கிறவர் யாரும் இல்லை. ஜனவரியிலேயே இதை நான் யோசித்திருக்க வேண்டும். அடிக்குறிப்பில் போடுகிற விஷயமா இது என்று நீங்கள் கேட்கலாம். மேலே போடத் தைரியம் வரவில்லை.

7

திங்கட்கிழமை புள்ளிகளைத் திரும்பக் கூட்டினேன். அந்த முப்பதையும் கொடுத்தால் ஒன்பது பேரில் ஆறு பேர் மாணிக்கம். மற்ற மூவரும் முத்து. ஜீவராணிக்கு 98, தரத்திலேயே முதலாவது. ஏழு மாதமாக அவள் பவளத்தில் ஒற்றை இலக்கக் கூட்டல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மாணிக்கத்தில் இருபத்து நான்கு இடம்தான். ஆறு பேர் ஏறினால் ஆறு பேர் இறங்க வேண்டும். பட்டியலில் இருபத்திரண்டாவது பெயர் தர்ஷன். என் அண்ணன் மகன்.

(வாசகரே, இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் தர்ஷனைப் பற்றி நாலு கெட்ட வார்த்தை எழுதி உங்களுக்கு வசதி செய்து தருவார். அவன் நல்ல பிள்ளை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, அன்று படித்ததை ஒன்று விடாமல் சொல்வான். அத்தை, அத்தை என்று உயிரை விடுவான்.)

அதிபரிடம் போனேன். தாள்களை மேசையில் பரப்பி எல்லாவற்றையும் சொன்னேன். விஜேந்திரன் சேர் கெட்டவர் இல்லை. அவரும் திகைத்துத்தான் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்தார். பிறகு பேசினார்.

"ரெண்டாம் தவணையும் முடியப் போகுது. இப்ப ஆறு பேரக் கீழ எறக்கினா பெத்தோருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் பிழையாத் திருத்திட்டேன்னு கடிதம் தாறேன் சேர்."

"அத வச்சு மேலிடத்துல என்னயத்தான் கேப்பாங்க. இப்படிச் செய்வோம் டீச்சர். அலவி மாஸ்டர் மாற்றலாகிப் போறதுல அவர்ட மக றுஸைனாட எடம் மாணிக்கத்துல காலியாகுது. அந்தப் புள்ளைய மட்டும் மேல போடுங்க. யாரயும் எறக்கத் தேவையில்ல."

"மத்த எட்டுப் பேரும் களவெழுதினவங்கன்னே இருக்கட்டுமா சேர்?"

"நான் அப்படிச் சொல்லல."

அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஒரு படிவத்தை நீட்டினார். மாணவர் பெயர், இப்போதைய குழு, மாற்ற வேண்டிய குழு, காரணம். வியாழக்கிழமை இரண்டு மணிக்குள் வேண்டும் என்றார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. சேரின் பேச்சு நியாயமாகப் பட்டதால் அல்ல. இருபத்திரண்டாவது பெயர் கண்ணுக்குள் நின்றது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

8

கதைக்கு முடிவு தேடினேன். மூன்று கிடைத்தது.

முடிவு அ: ஆசிரியை அதிபரை மீறிக் கடிதத்தை வலயக் கல்விக் காரியாலயத்துக்குக் கொண்டுபோகிறார். ஒன்பது பேரும் தங்கள் இடத்துக்குப் போகிறார்கள். தர்ஷன் முத்துக்கு இறங்குகிறான். அண்ணியும் ஆசிரியையும் தீபாவளிக்குக்கூடப் பேசிக்கொள்வதில்லை. கதையாக நன்றாக இருக்கிறது. எழுதும்போது எனக்கு வீரம்கூட வந்தது. ஆனால் கடிதம் இன்னும் எழுதப்படவில்லை, கதை மட்டும் ஒன்பது பக்கம் வந்துவிட்டது. கடிதத்துக்கு வேண்டியது அரைப் பக்கம்.

முடிவு ஆ: ஜீவராணி மட்டும் மேல்மாடிக்குப் போகிறாள். பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாக வருகிறாள். பத்திரிகையில் அவள் படம், பக்கத்தில் என் படம். "தோட்டத்து மாணிக்கத்தைக் கண்டெடுத்த" – இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

முடிவு இ: பிரிவுகளையே எடுத்துவிடுகிறார்கள், எல்லோரும் ஒரே மண்டபத்தில். இது நடக்காது. நடந்தால் சரியாகிவிடும் என்றும் எனக்கு நிச்சயமில்லை. ஜீவராணிக்கு வேகமாகப் போகிற வகுப்பு வேண்டும். அவளைத் தேக்கி வைத்ததுதானே நான் செய்த அநியாயமே.

முடிவு உங்களுக்கே என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம் என்றிருந்தேன். அதற்குள் இன்று காலை நடந்தது நடந்துவிட்டது.

9

இன்று வியாழக்கிழமை. இடைவேளையில் ஜீவராணியை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். வேறு யாரும் இல்லை. படிவம் மேசையில் இருந்தது.

"நீ எழுதினதுதான் சரி. பிழை விட்டது டீச்சர்," என்றேன். "திங்கக்கிழமையிலேருந்து நீ மேல மாணிக்கத்துக்குப் போற."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்ட நிம்மதியை அந்தச் சிரிப்பில் எடுத்துக்கொள்ளக் காத்திருந்தேன் என்பதுதான் சரி.

"மத்தவங்க, டீச்சர்?"

"இப்ப ஒரு எடந்தான் இருக்கு."

"அவங்களும் அதேதானே எழுதினாங்க."

"தெரியும். ஆனா இப்ப ஒரு எடந்தான் இருக்கு ஜீவராணி."

அவள் படிவத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மனக்கணக்குப் போடும்போது கீழுதட்டைக் கடிக்கிற வழக்கம் அவளுக்கு உண்டு. அப்படிக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"டீச்சர், அன்னைக்கு நான்தான் எல்லாருக்கும் காட்டினேன். அவங்க ஒண்ணும் பண்ணல. அவங்கள மேல போட்டுருங்க. நான் பவளத்துலயே இருக்கேன்."

ஜனவரியில் வகுப்பே சிரித்தபோதுகூடப் பொய் சொல்லாத பிள்ளை. பாக்கல டீச்சர், கழிச்சேன் டீச்சர் என்று உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாத பிள்ளை. இந்தப் பாடசாலையில் உண்மைக்கு என்ன கிடைக்கும் என்று ஏழு மாதத்தில் கணக்குப் பார்த்து, எட்டுப் பேருக்காக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு என் முன்னால் நிற்கிறாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டது. "போறேன் டீச்சர்," என்று தட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

இப்போது ஒன்று நாற்பது. காரணம் என்ற கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

அவள் சொன்னதை அப்படியே அதில் எழுதினால் போதும். "விடைகளை ஏனையோருக்குக் காட்டியதாக மாணவி தானே ஒப்புக்கொண்டார்." ஒரே வரி. அவள் பவளத்திலேயே இருப்பாள். பார்த்து எழுதிய எட்டுப் பேரும் பவளத்திலேயே இருப்பார்கள். யாரும் இறங்க வேண்டாம். தர்ஷன் இருந்த இடத்தில் இருப்பான், அண்ணி பேசுவார், அதிபருக்குக் கேள்வி வராது. ஜனவரியில் நான் திருத்தியதும் சரியாகிவிடும். ஆறு வாரமாக நான் தேடி அலைந்த முடிவை, தனக்கு எதிராக, ஒரு குழந்தை தானே என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதைவிட வசதியான முடிவு எனக்குக் கிடைக்காது.

பேனா மூடியைத் திறந்துவிட்டேன். முதல் சொல்லையும் எழுதிவிட்டேன்: "விடைகளை".

வாசகரே, இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். முடிவை உங்களிடம் கேட்கவில்லை. கொஞ்சம் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.